புளியங்கொட்டையும் தொண்ணூறாவது பேரும்

கடைசியில் எனக்குக் குழந்தை பிறந்துவிடும் என்று நினைத்து இதைப் படிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம். பிறக்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாதி வழியில் எனக்காக அல்லாவிடம் துஆ கேட்கிற சிரமமாவது உங்களுக்கு மிச்சம். எனக்காக துஆ கேட்டவர்கள் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்தார்கள். பேகம்பூரில் ஒரு தெரு முழுக்க ஒன்பது வருஷம் அந்த வேலையைத்தான் பார்த்தது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், பதினேழு வயதில், நிக்காஹ் முடிந்து அந்தத் தெருவுக்கு வந்தேன். அவர் தோல் ஷாப்பில் கிளார்க்கு. தோல் பதனிடுகிற இடத்தைத் திண்டுக்கல்லில் அப்படித்தான் சொல்வோம். அவர் மேலே ஆவாரம்பட்டை வாசனை எப்போதும் இருக்கும், பேச்சு எப்போதாவதுதான் இருக்கும். வாயைத் திறப்பது சோற்றுக்கும் கொட்டாவிக்கும். வீட்டில் அவரையும் என்னையும் விட்டால் மாமியார் மட்டும். மாமி வாயைத் திறப்பதற்கு நேரம் காலம் கிடையாது. மகனுக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

முதல் வருஷம், "என்னம்மா, விசேஷம் உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். இரண்டாம் வருஷம் சிரிக்காமல் கேட்டார்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து கேட்பதை விட்டுவிட்டு மருந்து சொல்ல ஆரம்பித்தார்கள். மருந்து என்றால் சூரணமோ கஷாயமோ இல்லை. அல்லாவின் பேர்கள். அவனுக்குத் தொண்ணூற்றொன்பது அழகிய பேர்கள் இருக்கின்றன என்று எங்களில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எங்கள் தெருவுக்கு அது தொண்ணூற்றொன்பது டப்பா உள்ள நாட்டுமருந்துக் கடை. காய்ச்சலுக்கு ஒரு பேர், கடன்காரனுக்கு ஒரு பேர், புருஷன் வெளியே சுற்றாமல் இருக்க சர்க்கரையில் ஓதிக் கொடுக்க ஒரு பேர். எந்தப் பேரை எத்தனை தடவை, எந்தக் கிழமை, எதில் ஊதிக் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் அட்சரம் பிசகாமல் சொல்வார்கள். அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மட்டும், "ஓதுறத விட்டுட்டு கேள்வி என்ன கேள்வி!" என்பார்கள்.

எனக்கு எழுதிக் கொடுத்த மருந்து "யா முஸவ்விரு". ஏழு நாள் நோன்பு வைத்து, மாலையில் தண்ணீரில் அந்தப் பேரை ஓதி ஊதி, அதைக் குடித்து நோன்பு திறக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு நாயாய் அலைகிற ஊரில் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு சிந்தக்கூடாது என்று நிபந்தனை வேறு. வருஷத்துக்கு இரண்டு தடவை இதைச் செய்தேன். பூ விற்கிற அம்மா தன் பங்குக்குப் பழனிக்கு நேர்ந்துகொண்டாள். "எங்க சாமிக்கும் ஆயிரம் பேரு இருக்குதுங்க, எதுக்காச்சும் காது கேக்காமயா போயிரும்?" என்றாள். நல்ல மனசு, என்ன சொல்ல!

இது போக கொட்டை ஓதுவது என்று ஒன்று உண்டு. மாமியிடம் ஒரு செம்புப் பானை நிறையப் புளியங்கொட்டை இருந்தது. கழுவிக் காயவைத்து, வருஷக்கணக்காகக் கை பட்டுப் பட்டு மினுமினுவென்று இருக்கும். வெள்ளைத் துப்பட்டியை விரித்து அதைக் கொட்டி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொள்வோம். ஒரு தடவை பேரைச் சொன்னால் ஒரு கொட்டையை நடுவில் போட வேண்டும். மடியில் உள்ளது தீர்ந்தால் மறுபடி அள்ள வேண்டும். மொத்தக் கொட்டையும் நடுக்குவியலுக்கு வந்து சேர்ந்தால் இத்தனை ஆயிரம் என்று கணக்கு. முடிந்ததும் துஆ, அப்புறம் சீரணி. சீரணி என்றால் பூந்தி அல்லது பேரீச்சம்பழம். பூந்தி என்று தெரிந்துவிட்டால் ஓதுகிற வேகமே தனி. "யா முஸவ்விரு, யா முஸவ்விரு, இன்னிக்கு என்ன வெஞ்சனம் வச்ச, யா முஸவ்விரு, கத்திரிக்காயா, யா முஸவ்விரு." கொட்டை மட்டும் கணக்குத் தப்பாமல் விழும்.

மிஷன் ஆஸ்பத்திரி லேடி டாக்டரிடமும் போனோம். எனக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரரை ஒரு தடவை அழைத்து வாருங்கள் என்றார். மாமி என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். "ஆம்பளைக்கு என்னத்த டெஸ்டு! படிச்சவ பேசுற பேச்சா இது?" அந்த விஷயம் அத்தோடு மையவாடிக்குப் போய் அடக்கமாகிவிட்டது. அவரிடம் சொன்னேன். கொட்டாவி விட்டார்.

ஒன்பதாவது வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளன்று, பிரியாணி சட்டியைக் கூட இறக்கவில்லை, மாமி கெடு வைத்தார். அடுத்த நோன்புப் பெருநாள் வரைக்கும் பார்ப்பது, இல்லாவிட்டால் மகனுக்கு இன்னொரு நிக்காஹ். வத்தலக்குண்டில் பெண் தயாராக இருந்தது. எதிர்வீட்டு மதினிதான் பார்த்துச் சொன்னது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அடுத்த நோன்புப் பெருநாளுக்கும் நடுவில் ஒன்பது மாசமும் சொச்சமும். மாமி கணக்கில் புலி. வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று பார்த்தேன். "அம்மா சொல்றதும் சரிதான், நீ அழுகுறதும் சரிதான்" என்றார். அந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

எனக்குப் பயம். இப்போது வாய் கிழியப் பேசுகிறேன், அப்போது உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். இன்னொருத்தி வந்தால் அடுப்படி அவளுக்கு, மூலை எனக்கு. என்னைப் பெற்ற அத்தா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார், அண்ணன் வீட்டில் எனக்கு இடம் இல்லை. என் இடம் அந்த ஒரு வீடுதான்.

முஹர்ரம் மாசம் வீட்டுக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி பண்ணும்போது, என் சீரோடு வந்த ஒரு சின்னக் கிதாபு கையில் அகப்பட்டது. பச்சைப் பட்டில் சுற்றி, குர்ஆனுக்குப் பக்கத்தில், எட்டாத உயரத்தில் வைத்தது. அட்டை போயிருந்தது. தொண்ணூற்றொன்பது பேரும், ஒவ்வொன்றுக்கும் கீழே அரபுத்தமிழில் அர்த்தமும். எழுத்து அரபு, பேச்சு தமிழ். தமிழ் எழுத்தை நான் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன். அப்போது அரபு எழுத்துதான் சரளமாக வரும், ஓதுகிற பள்ளியில் அடித்து ஏற்றியது. ஒன்பது வருஷமாக எங்களில் ஒருத்தி கூட அதைத் திறக்கவில்லை. மரியாதை! மரியாதை ஜாஸ்தியாகிவிட்டால் எதையும் படிக்க முடியாது.

முதலில் என் மருந்தைத் தேடினேன். அல்-முஸவ்விர்: உருவம் கொடுக்கிறவன். கண், மூக்கு, விரல் நகம் வரைக்கும், ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல். வெள்ளையடிக்க வந்த ஆள் "அம்மா, அலமாரிய நகட்டவா?" என்று மூன்று தடவை கேட்டான். ஆறேழு வருஷம் அல்லாவை இந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், நான் என்ன சொல்லிக் கூப்பிடுகிறேன் என்றே தெரியாமல். அவன் பொறுமைசாலிதான்.

அன்றிலிருந்து மத்தியானம் மாமி கண் அசந்ததும், செத்த நேரம், இரண்டு நாளைக்கு ஒரு பேர். மாசத்தில் தீட்டு வந்து தொழுகை இல்லாத நாட்களில் கிதாபைத் தொடமாட்டேன், மற்ற நாட்களில் விடமாட்டேன். முதலில் ஒரே சிரிப்பாக வந்தது. அல்-பஸீர்: எல்லாவற்றையும் பார்க்கிறவன். எங்கள் தெருவில் அந்த உத்தியோகத்தை எதிர்வீட்டு மதினி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அல்-ஹஸீப்: கணக்குக் கேட்கிறவன். அது மாமி, முட்டையில் ஆரம்பித்து விறகு வரைக்கும். அல்-ஹகம்: தீர்ப்புச் சொல்கிறவன். அதற்குத் தெருவில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை, தள்ளுமுள்ளு நடந்துகொண்டிருந்தது. அல்-ஹலீம்: கோபத்தை அடக்கிக்கொண்டு அவகாசம் கொடுக்கிறவன். அந்த உத்தியோகம் மட்டும் காலியாகவே கிடந்தது. நானும் மனுப் போடவில்லை.

அப்புறம் சிரிப்பு குறைந்தது. அல்-லதீஃப்: யாருக்கும் தெரியாமல் நுணுக்கமாக இரக்கம் காட்டுகிறவன் என்று வாசித்த அன்று, தெருக்குழாயில் என் குடம் நிறைகிற வரைக்கும் தண்ணீர் நிற்காமல் வந்தது. அடுத்தவள் குடத்தை வைத்ததும் நின்று போனது. இத்தனூண்டு விஷயத்தை எல்லாம் அதுவரைக்கும் அவன் பேரில் நான் சேர்த்ததே இல்லை. குழந்தையைக் கொடு என்று கேட்கிற நேரம் போக, சும்மாவே அவனிடம் பேச ஆரம்பித்தேன். சோறு வடிக்கும்போது, துணி அலசும்போது. வீட்டில் பேச்சுத்துணைக்கு வேறு யார் இருந்தார்கள் சொல்லுங்கள்! எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அதற்குமுன் பயம்தான் இருந்தது.

ஷஃபான் மாசம் பாதியில் தொண்ணூறாவது பேருக்கு வந்தேன். பெருநாளுக்கு ஒன்றரை மாசம்தான் பாக்கி. அல்-மானிஉ: தடுக்கிறவன். கொடுக்காமல் நிறுத்தி வைக்கிறவன்.

மறுபடி வாசித்தேன். எழுத்து அதேதான். கிதாபை மூடினேன். அன்று சாயங்கால அஸர் தொழவில்லை, உண்மையைச் சொல்ல எனக்கென்ன! ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒன்பது வருஷம் இவர்கள் எங்கெல்லாம் தேடினார்கள். என் கர்ப்பப்பையில் தேடினார்கள். நான் சின்ன வயதில் எதைத் தாண்டினேன், எந்த மரத்தடியில் நின்றேன், யார் கண் பட்டது, என் அம்மா யாருக்குச் சோறு போடாமல் அனுப்பினாள் என்று ஏழு தலைமுறைக்குத் தேடினார்கள். நிறுத்தி வைத்தவனோ தன் பேரைத் தானே சொல்லி, கிதாபில் எழுதி, எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறான். இந்தப் பேருக்கு யாரும் துப்பட்டி விரித்ததில்லை. இதற்கு எண்ணிக்கை இல்லை, கிழமை இல்லை, பூந்தி இல்லை.

"அப்ப நீதானா?" என்றேன். வாய்விட்டே கேட்டேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, குற்றம் என்மேல் இல்லை என்று நெஞ்சுக்குள் ஒன்று லேசானது. கோபம் குறையவில்லை. அவன் பக்கத்தில் இருந்துகொண்டு கோபப்படுவது வேறு, தூரத்தில் இருந்துகொண்டு பயப்படுவது வேறு. அன்றிலிருந்து என் நாக்கில் அந்தப் பேர்தான். யா மானிஉ, ஏன்? யா மானிஉ, எதுக்காக? இப்படியே பத்து நாள் ஓடியது.

நோன்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாமி கடைசி முயற்சியாகப் பெரிய கொட்டை ஓதல் வைத்தார். இருபது பெண்கள். ஓதுகிற பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற உஸ்தாபி அம்மாதான் தலைமை. எண்ணிக்கை இதுவரை இல்லாத பெரிய எண்ணிக்கை, காலையில் ஆரம்பித்து மத்தியான லுஹர் தாண்டியும் ஓட வேண்டியது. என்னை மணப்பெண் மாதிரி குளிப்பாட்டி உட்கார வைத்தார்கள். வத்தலக்குண்டு மதினி, அதாவது வத்தலக்குண்டில் பெண் பார்த்து வைத்திருந்த அதே எதிர்வீட்டு மதினி, என் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு எனக்காக "யா முஸவ்விரு" என்று உருக்கமாக ஓதினார். ஒரே ஆள் இரண்டு பக்கமும் பாடுபட்டார், பாராட்டத்தான் வேண்டும்.

குவியல் முக்கால்வாசி ஆகிவிட்டது. அப்போது மதினி என் பக்கம் காதைச் சாய்த்தார்.

"ஏம்மா, நீ என்னத்த ஓதுற?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. காலையிலிருந்து என் நாக்கு "யா மானிஉ" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

"உஸ்தாபி! இவ வேற பேரை ஓதிக்கிட்டு இருக்கா!"

ஓதல் நின்றது. உஸ்தாபி அம்மா என் பக்கம் திரும்பினார். "எம்புட்டுக் கொட்டைக்கு ஓதுன?"

"தெரியலயே."

"வேற பேருக்குப் போட்ட கொட்டை அம்புட்டும் இந்தக் குவியல்ல கலந்துருச்சே! இதுல எது எந்தப் பேருக்குன்னு எப்படிப் பிரிக்கிறது? கணக்கே போச்சே!"

இருபது பெண்களும் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். புளியங்கொட்டை புளியங்கொட்டை மாதிரியேதான் இருந்தது. முதலிலிருந்து ஓத வேண்டும் என்றார் ஒருத்தர், இன்றைக்கு முடியாது என்றார் இன்னொருத்தர், பூந்தி என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பினார்கள். மாமி எழுந்து வந்து என் முன்னால் நின்றார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஒன் வயித்துக்குத்தானடி இம்புட்டுப் பேரும் உக்காந்து ஓதுறோம். என்ன பேரை ஓதிக் கெடுத்த?"

"யா மானிஉ."

"அப்படின்னா?"

உஸ்தாபி அம்மாவைப் பார்த்தேன். அவர் துப்பட்டியின் ஓரத்தைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார்.

"குடுக்காம நிறுத்தி வைக்கிறவன்னு அர்த்தம், மாமி."

யாரோ "தவ்பா தவ்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. மாமி ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"அவன் பேரா அது? கிதாபுல இருக்கா?"

எடுத்து வந்து கொடுத்தேன். நின்றபடியே விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். நான் முதல் நாள் வாசித்த மாதிரியே. அப்புறம் பெண்களைப் பார்த்து, "சீரணிய வாங்கிக்கிட்டுக் கௌம்புங்க" என்றார்.

மதினி மட்டும் பூந்தியை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் நின்றார். "அப்ப வத்தலக்குண்டுக்காரவுகளுக்கு என்ன சொல்லட்டும்?"

"அவன் நிறுத்தி வச்சத, கொல்லைப்பக்கமாப் போயி வாங்கிட்டு வர நான் யாரு? வேணாம்னு சொல்லிவிடு" என்றார் மாமி.

மதினி போய்விட்டார். நான் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. மாமி துப்பட்டியில் குவியலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இந்தப் பேரை எம்புட்டுத் தடவ ஓதணும்?"

"இதுக்கு யாரும் எண்ணிக்கை வைக்கல மாமி."

மாமி எட்டுப் பிள்ளை பெற்றவர். மூன்று தங்கியது, ஐந்து மையவாடி மண்ணுக்குள் இருந்தது. தெருவுக்கே தெரியும், ஆனால் அந்த வீட்டில் அதை ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்லை. தன்னை ஒருத்தி "என்ன பாவம் பண்ணினாளோ" என்று பேசிவிடக்கூடாது என்பதற்காகவே அவர் ஊரையெல்லாம் பேசினார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

குவியலிலிருந்து ஐந்து கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "யா மானிஉ" என்று சொல்லி ஒன்றைத் துப்பட்டியில் வைத்தார். வைத்துவிட்டு ஒரு பிள்ளையின் பேரைச் சொன்னார். இரண்டாவதை வைத்து இன்னொரு பேர். இப்படி நாலு கொட்டை, நாலு பேர். ஒவ்வொன்றையும் இப்போதுதான் வாசலில் நின்று விளையாடக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார். ஐந்தாவது கையிலேயே இருந்தது.

"இது மூணு நாள்தான் இருந்துச்சு. பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு" என்றார். "பொம்பளப் புள்ள."

என்னிடம் ஒரு பேர் இருந்தது. நிக்காஹ் ஆன புதிதில் மனசுக்குள் வைத்த பேர். பெண் பிள்ளைக்கான பேர். ஒன்பது வருஷம் அதை வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, என் அம்மாவிடமும் சொல்லவில்லை. மாமியிடம் சொன்னேன்.

அவர் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "குடுத்துருவியா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். மாமி அந்தப் பேரைச் சொல்லி ஐந்தாவது கொட்டையை வைத்தார்.